வரைபுக் கல்குலேற்றரிடம் வகையீடு கேட்டால் சூத்திரம் வராமல் ஏன் எண் வருகிறது?

ஒட்டுசுட்டானில் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா ரிஐ-84 பிளஸ் வரைபுக் கல்குலேற்றர் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் எக்ஸ்² சைன் எக்ஸ் என்ற சார்பை வகையிடச் சொன்னால் பெறுதியை (வளையியின் சரிவைத் தரும் சார்பை) சூத்திரமாகத் தராமல் ஏதோ ஒரு தசம எண்ணைத் தருகிறது. மெஷின் பழுதா, நான் பிழையாக அழுத்துகிறேனா, சூத்திரமாகவே எடுக்க வழி இருக்கிறதா, இல்லாவிட்டால் வேறு ஒன்று வாங்க வேண்டுமா என்பது கேள்வி.

போனில் எழுதுவதால் மாறிகளின் பெயரையும் பட்டன்களின் பெயரையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். கொப்பியில் எழுதும்போது வழமையான எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, மெஷின் பழுதில்லை, நீங்கள் அழுத்தியதும் சரி. ரிஐ-84 பிளஸுக்குச் சூத்திரமாக வகையிடவே தெரியாது. மேத் பட்டனை அழுத்தி எட்டாவதாக வரும் என்டெரிவ் என்ற கட்டளையைத்தான் நீங்கள் பாவித்திருக்கிறீர்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்தே எண்முறை என்பதைத்தான் சொல்கிறது. புதிய பதிப்புகளில் அது திரையில் புத்தகத்தில் உள்ளது போலவே வகையீட்டுக் குறியோடு அழகாக வருவதால், உள்ளே நாம் கையால் செய்வதைத்தான் மெஷினும் செய்கிறது என்று எவரும் நினைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு வேலை. அது என்ன என்று விளங்கிக்கொண்டால், இதே மெஷினை வைத்து நீங்கள் நினைப்பதைவிட நிறையச் செய்யலாம்.

நான் உயர்தரம் படித்தது 1990களில், வன்னிக்குள் பற்றறி வருவதற்கே தடை இருந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். எங்கள் வகுப்பில் ஒருவரிடம் மட்டும் வெயிலில் இயங்கும் சின்னக் கல்குலேற்றர் ஒன்று இருந்தது. ஒருநாள் இடைவேளையில் அதை முற்றத்து வெயிலில் வைத்துக்கொண்டு, எக்ஸ்² என்ற வளையிக்கு எக்ஸ் 3 ஆகும் இடத்தில் படித்திறன், அதாவது சரிவு, என்ன என்று முதற் கோட்பாட்டின்படி எண்களாகவே போட்டுப் பார்த்தோம். 3.1 இன் வர்க்கத்தில் 9 ஐக் கழித்து 0.1 ஆல் வகுத்தால் 6.1 வந்தது. 0.01 போட்டால் 6.01. 0.001 போட்டால் 6.001. எல்லை என்ற சொல் எனக்கு உண்மையாக விளங்கியது அந்த வெயிலில்தான். உங்கள் ரிஐ-84 செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலை, ஒரு சின்ன வித்தியாசத்தோடு.

வித்தியாசம் இதுதான். நாங்கள் ஒரு பக்கம் மட்டும் போனோம், மெஷின் இரண்டு பக்கமும் போகிறது. எக்ஸுக்கு 0.001 முன்னால் சார்பின் பெறுமானம், 0.001 பின்னால் பெறுமானம், இரண்டையும் கழித்து 0.002 ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். இரணைமடுக் குளத்தில் இன்று நீர்மட்டம் என்ன வேகத்தில் ஏறுகிறது என்று அறிய, நாளைய மட்டத்தில் நேற்றைய மட்டத்தைக் கழித்து இரண்டு நாளால் வகுப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். வளையியில் இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் இணைக்கும் நாணின் படித்திறனை எடுத்து, நடுவில் உள்ள தொடலியின் படித்திறன் என்று சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் போவதைவிட இது எவ்வளவோ திருத்தமானது. நாங்கள் வெயிலில் எடுத்த 6.001 க்குப் பதிலாக இந்த முறையில் எக்ஸ்² க்குச் சரியாக 6 வந்துவிடும், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பிழைகளும் ஒன்றையொன்று வெட்டிவிடும்.

எக்ஸ்³ க்குப் போட்டுப் பாருங்கள், அங்கேதான் விசயம் வெளியே தெரியும். எக்ஸ் 1 ஆனால் 3.000001 வரும், 2 ஆனால் 12.000001, 3 ஆனால் 27.000001. அந்தக் கடைசி 0.000001 ஐ மெஷினின் பிழை என்று எல்லோரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது ஏன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வருகிறது என்று கேட்க வேண்டும். 0.001 ஐ எச் என்று வைத்து, (எக்ஸ் + எச்)³ இல் (எக்ஸ் − எச்)³ ஐக் கழித்து 2எச் ஆல் வகுத்து விரித்து எழுதுங்கள். 3எக்ஸ்² + எச்² என்று வரும். எச் 0.001 ஆனால் எச்² 0.000001. அதாவது மெஷின் தந்தது முழுக்க முழுக்கச் சரியான விடை, ஆனால் பெறுதி என்ற கேள்விக்கு அல்ல, நாணின் படித்திறன் என்ற கேள்விக்கு. எல்லை எடுக்கும் கடைசி அடியை அது எடுப்பதே இல்லை.

அப்படியானால் எச்சை இன்னும் சிறிதாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கட்டளையின் கடைசியில் நான்காவதாக ஓர் எண்ணைக் கொடுத்து அதைச் சிறிதாக்கலாம்தான். ஆனால் மெஷின் ஓர் எண்ணை 14 இலக்கங்களுக்குள்தான் வைத்திருக்கும். எச்சை மிகவும் சிறிதாக்கினால் முன்னாலும் பின்னாலும் உள்ள பெறுமானங்கள் முதல் பத்துப் பதினொரு இலக்கம் வரை ஒன்றாகவே இருக்கும், கழித்தால் இரண்டு மூன்று இலக்கம்தான் மிஞ்சும், அதை வைத்து வகுத்தால் வருவது நம்ப முடியாத எண். 0.001 என்பது இரண்டு ஆபத்துக்கும் நடுவில் எடுத்த ஒரு நியாயமான முடிவு. சாதாரணப் பாடப்புத்தகச் சார்புகளுக்கு அதை மாற்றத் தேவையில்லை.

இந்த முறை எங்கே பொய் சொல்லும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இதை நான் அழுத்தியே சொல்வேன். எக்ஸின் மட்டுப் பெறுமானத்துக்கு, அதாவது இரண்டு நேர்கோடுகள் கூராகச் சந்திக்கும் அந்த வளையிக்கு, எக்ஸ் 0 ஆகும் இடத்தில் பெறுதியே இல்லை. மெஷினிடம் கேட்டால் 0 என்று சொல்லும். திரும்பவும் குளத்துக்கே வாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகள் திறந்த நாட்களை எங்கள் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேற்று வரை மட்டம் ஏறிக்கொண்டு வந்தது, இன்று மத்தியானம் கதவைத் திறந்ததும் இறங்கத் தொடங்கியது என்று வையுங்கள். நேற்றைய மட்டமும் நாளைய மட்டமும் தற்செயலாக ஒன்றாக இருந்தால், கழித்து வகுத்தவர் இன்று நீர் அசையவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். இன்று நடந்ததைத்தான் அவர் பார்க்கவே இல்லை. மெஷினும் அப்படித்தான், நீங்கள் கேட்ட புள்ளியை அது தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் 1 இன் கீழ் எக்ஸ், அதாவது 1 ஐ எக்ஸால் வகுத்த சார்புக்கு எக்ஸ் 0 இல் பெறுதி கேட்டால், சார்பே வரையறுக்கப்படாத அந்த இடத்தில் 1000000 என்று ஓர் எண்ணைத் தருகிறது. எக்ஸின் கனமூலத்துக்கு 0 இல் கேட்டால் 100 தரும், அங்கே தொடலி நிலைக்குத்தாக நிற்கிறது, படித்திறன் என்று ஓர் எண்ணே கிடையாது. ஆகவே கூர், உடைவு, நிலைக்குத்துத் தொடலி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் முதலில் வரைபைப் பாருங்கள், பிறகு எண்ணை நம்புங்கள்.

சரி, இந்த மெஷினை வைத்துச் சூத்திரத்துக்கு எப்படிப் போவது?

முதலாவது வழி, நான் என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது, சூத்திரத்தை நீங்கள் எடுங்கள், சரிபார்க்கும் வேலையை மெஷினுக்குக் கொடுங்கள். சார்புகளை எழுதும் திரையில் வை1 இல் எக்ஸ்² சைன் எக்ஸ். வை2 இல் என்டெரிவ் கட்டளை, அதற்குள் வை1, எக்ஸ், எக்ஸ் என்று கொடுங்கள், அதாவது வை1 ஐ எக்ஸ் குறித்து ஒவ்வொரு எக்ஸிலும் வகையிடு என்று பொருள். வை3 இல் நீங்கள் பெருக்க விதியால் எடுத்த விடை, 2எக்ஸ் சைன் எக்ஸ் + எக்ஸ்² கோசைன் எக்ஸ். இப்போது வை1 ஐ அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு வளையிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் விடை சரி. படிந்ததா இல்லையா என்று கண்ணால் தெரியாவிட்டால் அட்டவணையைத் திறந்து எண்களை ஒப்பிடுங்கள். எக்ஸ் 2 ஆனால் இரண்டிலும் 1.9726 என்று வரவேண்டும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கி 2எக்ஸ் கோசைன் எக்ஸ் என்று எழுதும். அதற்கு எக்ஸ் 2 இல் −1.6646 வரும், உடனே பிடிபட்டுவிடும். ஆனால் 0 இல் சரிபார்த்தால் பிடிபடாது, சரியான விடைக்கும் பிழையான விடைக்கும் அங்கே 0 தான் வரும். ஆகவே 0, 1 போன்ற இலகுவான எண்களை விட்டுவிட்டு 1.7, 2.3 போன்ற முரட்டு எண்கள் இரண்டு மூன்றில் பாருங்கள்.

இந்தச் சரிபார்ப்பில் எண்கள் ஒத்துவராவிட்டால், சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். விகிதம் எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக வந்தால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லும். சைன் எக்ஸை மட்டும் வகையிட்டுப் பார்க்கும்போது 0.01745 வந்தால் மெஷின் பாகையில் நிற்கிறது, அந்த எண் பையை 180 ஆல் வகுத்தது. மோட் பட்டனில் போய் ஆரையனுக்கு மாற்றுங்கள். நுண்கணிதத்தில் கோணம் எப்போதும் ஆரையன்தான். சைன் எக்ஸின் பெறுதி கோசைன் எக்ஸ் என்பதே ஆரையனில் மட்டும் உண்மை. மடக்கைச் சார்பில் விகிதம் 0.4343 வந்தால், இயற்கை மடக்கைக்குப் பதிலாகப் பத்தடி மடக்கைப் பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். இந்த இரண்டு எண்களையும் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வையுங்கள், எத்தனையோ மணித்தியாலம் மிச்சமாகும்.

இரண்டாவது வழி பல்லுறுப்பிகளுக்கு மட்டும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்³ − 4எக்ஸ்² + 5 ஐ எடுங்கள். மேலே சொன்னபடி வை2 இல் என்டெரிவ் போட்டு, அட்டவணையில் 1, 2, 3, 4, 5 ஆகிய இடங்களுக்கு வரும் பெறுமானங்களைப் பாருங்கள். நிரலில் இடம் போதாமல் முழு எண்ணாகக் காட்டும், கட்டத்தின் மேல் போய் நின்றால் கீழே முழுமையாகத் தெரியும்: −4.999999, −3.999999, 3.000001, 16.000001 என்று போகும். இவற்றை எல்2 பட்டியலிலும் 1 முதல் 5 வரையான எண்களை எல்1 பட்டியலிலும் போட்டு, ஸ்டாட் பட்டனுக்குள் உள்ள குவாட்ரெக் கட்டளையை ஓடவிடுங்கள். இந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் இருபடிச் சார்பை அது கண்டுபிடித்துத் தரும். குணகங்கள் 3, −8, கடைசியில் 0.000001 அளவில் ஒரு குட்டி எண். ஆகவே பெறுதி 3எக்ஸ்² − 8எக்ஸ். சூத்திரம் தெரியாத மெஷினிடமிருந்தே சூத்திரத்தைக் கறந்துவிட்டோம்! மெஷினில் நான்காம் படி வரை இப்படிப் பொருத்தும் கட்டளைகள் உண்டு, ஆகவே ஐந்தாம் படி வரையான பல்லுறுப்பியை இப்படி வகையிடலாம். சைன், அடுக்குக்குறி வந்தால் இந்த வழி சரிவராது, ஏனென்றால் விடை எந்த வடிவத்தில் இருக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் பொருத்தலாம்.

பட்டியல்களை வைத்து இன்னொன்றும் செய்யலாம். எல்1 இல் குணகங்கள் 1, −4, 0, 5. எல்2 இல் அடுக்குகள் 3, 2, 1, 0. எல்1 ஐ எல்2 ஆல் பெருக்கி எல்3 இல் வையுங்கள், எல்2 இல் 1 ஐக் கழித்து எல்4 இல் வையுங்கள். எல்3 இல் 3, −8, 0, 0 என்றும் எல்4 இல் 2, 1, 0, −1 என்றும் வரும். படித்துப் பாருங்கள், அதேதான் பெறுதி. அடுக்கு பின்னமாக இருந்தாலும், மறையாக இருந்தாலும் இது வேலை செய்யும். எக்ஸின் வர்க்கமூலத்துக்கு அடுக்கு 0.5 போட்டால் குணகம் 0.5, அடுக்கு −0.5 என்று சரியாக வரும். இதில் அண்ணளவு எதுவும் இல்லை, எல்லையும் இல்லை. விதியை மட்டும் இயக்கினோம். இதுதான் குறியீட்டு வகையீடு, அதன் மிகச் சிறிய வடிவம்.

அதன் முழு வடிவம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. சூத்திரமாக வகையிடும் மெஷின் ஒரு கோவையை மரம் போல உள்ளே வைத்திருக்கும். எக்ஸ்² சைன் எக்ஸ் என்றால் அடியில் பெருக்கல், அதிலிருந்து இரண்டு கிளை, ஒன்றில் அடுக்கு, மற்றதில் சைன், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் எக்ஸ் அல்லது ஓர் எண். வகையிடு என்றதும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். பெருக்கலா, பெருக்க விதியைப் போடும், அதற்கு ஒவ்வொரு கிளையின் பெறுதியும் தேவை என்பதால் கிளைக்குள் ஏறி அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கும். சைனுக்குள் எக்ஸுக்குப் பதில் வேறொரு கோவை இருந்தால் சங்கிலி விதி. நுனியில் எக்ஸ் வந்தால் 1, எண் வந்தால் 0. ஒரு பத்துப் பன்னிரண்டு விதிகள் போதும், எவ்வளவு சிக்கலான கோவையும் நுனியில் முடிந்தே தீரும். அதனால்தான் 1953 ஆம் ஆண்டிலேயே, கணினி பிறந்து சில வருடங்களுக்குள், கஹ்ரிமானியன், நோலன் என்ற இருவர் அமெரிக்காவில் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தனித்தனியாக இதைக் கணினியில் செய்து ஆய்வேடு எழுதினார்கள். தொகையீட்டுக்கு இப்படி எப்போதும் முடிந்துவிடும் இலகுவான பாதை கிடையாது, அது வேறு கதை. தம்பி, நீங்கள் சங்கிலி விதியையும் பெருக்க விதியையும் கையால் செய்யும்போது உங்கள் தலைக்குள் ஓடுவதும் இதே மரம்தான். பிள்ளைகள் பிழைவிடும் இடம் அநேகமாக விதி அல்ல, மரத்தின் அடியில் எது இருக்கிறது என்று பார்க்காததுதான். சைன் எக்ஸின் வர்க்கத்துக்கு அடியில் இருப்பது அடுக்கு, எக்ஸின் வர்க்கத்தின் சைனுக்கு அடியில் இருப்பது சைன். முதலாவதன் பெறுதி 2 சைன் எக்ஸ் கோசைன் எக்ஸ், இரண்டாவதன் பெறுதி 2எக்ஸ் பெருக்கல் எக்ஸ்² இன் கோசைன். இதைப் பிரித்து அறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்படி மரத்தைக் கையாளும் மென்பொருளைக் கணினி அட்சரகணித முறைமை, ஆங்கிலச் சுருக்கத்தில் சிஏஎஸ், என்று சொல்வார்கள். அது உள்ளே இருக்கும் கல்குலேற்றர்கள் தனி இனம். 1987 இல் வந்த எச்பி-28சி தான் கைக்குள் அடங்கும் அளவில் குறியீட்டுக் கணிதம் செய்த முதலாவது கருவி. பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1995 இல் ரிஐ-92 ஐயும் 1998 இல் ரிஐ-89 ஐயும் கொண்டுவந்தது. இப்போது கிடைப்பவற்றில் ரிஐ-என்ஸ்பயர் சிஏஎஸ், எச்பி பிரைம், காசியோ கிளாஸ்பேட் ஆகியவை இதைச் செய்யும். என்ஸ்பயரில் சிஏஎஸ் என்ற மூன்று எழுத்து இல்லாத பதிப்பும் அதே தோற்றத்தில் விற்கிறது, அது சூத்திரம் தராது, வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. உங்கள் ரிஐ-84 இல் ஏன் வைக்கவில்லை என்றால், அதன் உள்ளே இருப்பது பழைய 8 பிட் செயலி, பயனருக்குக் கிடைக்கும் நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே. ஆனால் எச்பி-28சி அதைவிடச் சிறிய நினைவகத்தோடு இதைச் செய்தது, ஆகவே இயலாமை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் ஏசிடி பரீட்சைக்கு ரிஐ-89 ஐக் கொண்டுபோக முடியாது, ரிஐ-84 ஐக் கொண்டுபோகலாம். பள்ளிக்கூடங்களுக்கு விற்கும் மெஷின் பரீட்சை மண்டபத்துக்குள் போகக்கூடியதாக இருக்க வேண்டும் அல்லவா.

சிஏஎஸ் உள்ள கருவி ஒன்று கையில் கிடைத்தால் கட்டளை இலகுதான். எச்பி பிரைமிலும் கிளாஸ்பேட்டிலும் டிஃப் என்று எழுதி அடைப்புக்குள் கோவை, காற்புள்ளி, எக்ஸ். ரிஐ-89 இல் 2என்ட் அழுத்தி 8 ஐ அழுத்தினால் வகையீட்டுக் குறியே வரும், கடைசியில் இன்னொரு காற்புள்ளி போட்டு 2 கொடுத்தால் இரண்டாம் பெறுதி. எக்ஸும் வையும் கலந்த வட்டச் சமன்பாடு போன்றவற்றுக்கு என்ஸ்பயரில் இம்ப்டிஃப் என்று ஒரு கட்டளை உண்டு, எக்ஸ்² + வை² = 25 கொடுத்தால் − எக்ஸின் கீழ் வை என்று தரும். இடறும் இடங்கள்தான் முக்கியம். எப்போதோ எக்ஸுக்கு 3 என்று ஒரு பெறுமானம் போட்டு வைத்திருந்தால், சிஏஎஸ் மெஷினும் சூத்திரத்துக்குப் பதில் எண்ணைத்தான் தரும், எக்ஸை அழித்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். எச்பி பிரைமில் பெரிய எழுத்து எக்ஸ் எப்போதும் ஓர் எண்ணைத் தாங்கி நிற்பது, ஆகவே சின்ன எழுத்தில்தான் எழுத வேண்டும். எக்ஸையும் வையையும் பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டி எழுதினால் அதை இரண்டெழுத்துப் பெயருள்ள ஒரே மாறி என்று எடுத்துக்கொள்ளும், வகையிட்டால் 0 வரும்.

விடையின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. (எக்ஸ்² + 1) ஐ (எக்ஸ் − 1) ஆல் வகுத்த சார்பை ஈவு விதியால் வகையிட்டால் (எக்ஸ்² − 2எக்ஸ் − 1) இன் கீழ் (எக்ஸ் − 1)² என்று வரும். ஒரு மென்பொருள் அதையே 1 − [2 இன் கீழ் (எக்ஸ் − 1)²] என்று தரலாம். இரண்டும் ஒன்றேதான், ஆனால் ஒரு தங்கச்சி இதைப் பார்த்துவிட்டுத் தன் சரியான விடையை வெட்டிவிட்டு வந்திருந்தார். அந்த வடிவம் வித்தியாசமாக இருந்ததுமே தான் பிழை என்று முடிவு செய்துவிட்டார், எனக்கு அது உண்மையாகவே மனவருத்தமாக இருந்தது. சந்தேகம் வந்தால் வெட்ட வேண்டாம். உங்கள் விடையில் மெஷினின் விடையைக் கழித்துச் சுருக்கச் சொல்லுங்கள், 0 வந்தால் இரண்டும் ஒன்று.

இப்போது வாங்குவதா என்ற கேள்வி. வேண்டாம், தம்பி. உயர்தர இணைந்த கணிதப் பரீட்சைக்குள் எந்தக் கல்குலேற்றருக்கும் அனுமதி இல்லை. அங்கே விகிதமுறு சார்பு ஒன்றைத் தந்து பெறுதி இன்ன வடிவம் எனக் காட்டுக, திரும்பல் புள்ளிகளையும் அணுகுகோடுகளையும் காட்டி வரைபை வரைக என்றுதான் கேட்பார்கள், விடை வினாத்தாளிலேயே இருக்கும், புள்ளி முழுக்க நீங்கள் எழுதும் படிகளுக்குத்தான். வீட்டில் சரிபார்க்கச் சூத்திரம் வேண்டுமென்றால் ஸ்மார்ட் போனில் ஜியோஜீப்ராவை இறக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001 இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது, மாணவர்களுக்கு இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா தேவையில்லை, நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சார்பை எழுதி, அடுத்த வரியில் சார்பின் பெயருக்குப் பக்கத்தில் மேலே ஒற்றை மேற்கோள் குறி போல ஒரு சின்னக் கோடு போட்டு எழுதினால் பெறுதி சூத்திரமாகவே வந்து நிற்கும், வரைபும் கூடவே வரும். டெஸ்மோஸ் வரைவதற்கு மிக நல்லது, பெறுதியின் வளையியையும் வரையும், ஆனால் சூத்திரத்தை எழுதிக் காட்டாது. நாளை அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்கோ பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போனால் கணினியில் பைதன் மொழியின் சிம்பை நூலகத்தைப் பழகிக்கொள்ளலாம், அதுவும் இலவசம், எந்தக் கல்குலேற்றரையும்விடப் பலமானது.

ஆனால் ரிஐ-84 ஐ அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டாம். சூத்திரத்தைத் தட்டில் வைத்துத் தரும் மெஷின் உயர்தரம் படிக்கும் வயதில் கையில் இருப்பதைவிட, எண்ணை மட்டும் தந்து சூத்திரத்தை உங்களிடம் விடும் மெஷின் இருப்பது நல்லது என்பதுதான் இத்தனை வருடம் படிப்பித்தவனாக என் எண்ணம். சித்தப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மோட்டில் ஆரையன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்³ க்கு நான் சொன்ன அட்டவணையை எடுத்து அந்த 0.000001 ஐக் கண்ணால் பாருங்கள். பிறகு எக்ஸ்⁴ க்கு அதையே செய்யுங்கள். இம்முறை மேலதிகமாக வரும் துண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது, எக்ஸ் கூடக் கூட அதுவும் கூடும். ஏன் என்று (எக்ஸ் + எச்)⁴ ஐ விரித்து எழுதிப் பாருங்கள், 4எக்ஸ் எச்² என்ற உறுப்பு உங்கள் கொப்பியில் வந்தால் சரி, வராவிட்டால் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வரியில் வழுக்கியது என்று பார்ப்போம்.